எங்க புள்ளைங்களுக்கு முதல்ல மேட்ச் கொடுங்க

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிற நாங்கள் வழக்கமாகக் கேட்பது பூட்ஸ், பந்து, ஜெர்சி. உதவ வருகிறவர்களும் அதைத்தான் வாங்கித் தருகிறார்கள். நல்ல மனசு, நன்றி. ஆனால் ஒரு உடற்கல்வி ஆசிரியனாகச் சொல்கிறேன், எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது மேட்ச். அதிலும் முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டிய ஃபார்வர்டுக்கு அது இல்லாமல் எதுவுமே இல்லை.

பள்ளிப் போட்டிகளைப் பாருங்கள். பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டத்தில் ஆரம்பித்து பெரும்பாலும் நாக்-அவுட்தான். தோற்றால் வெளியே. முதல் சுற்று முடிந்தாலே பாதி அணிகள் வீட்டுக்குப் போய்விடும். ஜூன் மாதத்திலிருந்து விடியற்காலையில் எழுந்து ஓடிய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த வருடத்தின் கால்பந்து ஒரே ஒரு மேட்ச். அதுவும் முழு 90 நிமிடம் கிடையாது. தோற்ற அன்றைக்குக் களை எடுக்கிற வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "அவ்ளோதானா சார்? இதுக்கா இவ்ளோ நாளா ஓடுனா?" நியாயமான கேள்வி.

அந்த அம்மாவின் மகள் பத்தாவது படிக்கிறாள். பென்னாகரம் பக்கம். பெயர் வேண்டாம். நல்ல வேகம், இரண்டு காலிலும் அடிப்பாள். அன்றைக்கு முதல் பாதி முழுக்க ஆஃப்சைடு, அதாவது பாஸ் கிளம்பும்போதே எதிரணியின் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்கிற தப்பு. பந்து வருவதற்கு முன்னாலேயே ஓடிவிடுகிறாள், கொடி தூக்கிவிடுகிறார்கள். பயிற்சியில் இந்தத் தப்பே தெரியாது, ஏனென்றால் அங்கே சரியான நேரத்தில் ஓரடி முன்னே ஏறி வந்து சிக்க வைக்கிற டிஃபெண்டர் கிடையாது. இரண்டாம் பாதியில் யாரும் சொல்லாமலே மாற்றிக்கொண்டாள். கடைசி டிஃபெண்டரின் தோளை ஒட்டி, உடம்பைப் பாதி திருப்பி, ஒரு கால் கோல்போஸ்ட்டைப் பார்க்க நின்றாள். பாஸ் கொடுக்கப் போகிறவள் தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கிற அந்த நொடியில் கிளம்பினாள். கொடி ஏறவில்லை. கோல்கீப்பர் மட்டும்தான் எதிரே. பந்து சரளைக் கல்லில் பட்டு எகிறியது, கீப்பர் பிடித்துவிட்டாள். ஒரு கோலில் தோற்றோம்.

அவள் ஃபார்வர்டாக ஆகத் தொடங்கியதே அந்தக் கடைசி இருபது நிமிடத்தில்தான். அடுத்த மேட்ச் எப்போது? அடுத்த வருடம். அதற்குள் கற்றதைக் கால் மறந்துபோகும்.

மேலே போனவர்களின் கதையைப் பாருங்கள். பாலா தேவி மணிப்பூர் கிராமத்தில் பையன்களோடு ஆடி வளர்ந்தவர். 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண். மனிஷா கல்யாண் பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்துக்காரர், அவரும் பையன்களோடு ஆடியவர்தான். 2021 நவம்பரில் பிரேசிலிடம் இந்தியா 6-1 என்று தோற்ற ஆட்டத்தில் அந்த ஒரு கோல் அவருடையது. மறு வருடமே சைப்ரஸின் அப்போலன் கிளப்புக்குப் போய், ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். நம் பண்ருட்டி சந்தியா ரங்கநாதன் கடலூரில் விடுதியில் தங்கிப் படித்தவர். பயிற்சியாளர் மாரியப்பனிடம் ஆடி வளர்ந்த கூட்டம் அது. 2019-ல் மதுரை சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றபோது சந்தியா அந்த அணியில் இருந்தார்.

இந்த மூன்று பேரும் ஃபார்வர்டுகள். மூன்று பேருக்கும் சின்ன வயதில் எதிர்த்து ஆட ஆள் இருந்தது. பையன்களோ, விடுதித் தோழிகளோ, யாரோ ஒருவர். நம் ஊரில் வயதுக்கு வந்த பிள்ளையைப் பையன்களோடு ஆட விடுவார்களா? விட மாட்டார்கள். அதை ஒரே நாளில் மாற்றவும் முடியாது. அப்படியென்றால் பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக மேட்ச் ஏற்பாடு செய்வது நம் பொறுப்பு.

"பந்து உதைச்சு என்ன சார் சம்பாதிக்கப் போறா?" என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். ப்ளஸ் டூ முடித்தால் ஓசூர் கம்பெனி வேன் வாசலுக்கே வருகிறது. அந்தச் சம்பளத்தில் தங்கச்சி படிக்கிறாள், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இன்னும் சில வீடுகளில் பத்தாவது முடிவதற்குள் மாப்பிள்ளை பேச்சு வந்துவிடுகிறது. அதை எதிர்த்து நிற்காமல் இருக்க முடியாது. அப்பாக்களுக்கு நான் சொல்வது இது: கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்கிறது. மகளிர் லீக்கின் மேல்நிலைக் கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்ச ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2023-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் முடிவெடுத்தது. பெரிய பணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது ஒரு சம்பளம்.

மேட்ச் குறைவு என்கிற இந்த நோய் தேசிய லீக்குக்கே இருந்தது. 2017-ல் ஆரம்பித்த இந்திய மகளிர் லீக்கை வருடக்கணக்காக ஒரே ஊரில் கூட்டி, சில வாரங்களில் முடித்துவிடுவார்கள். 2023-24-ல்தான் சொந்த மைதானம், வெளி மைதானம் என்று மாறி மாறி ஆடும் லீக் ஆனது. மேலேயே இப்போதுதான் விழித்திருக்கிறார்கள் என்றால் குறுவட்டத்துக்கு எப்போது வருவது? தமிழ்நாடு 2018-லும் 2023-லும் தேசிய சீனியர் மகளிர் சாம்பியன்ஷிப்பை வென்ற மாநிலம். இங்கே காத்திருக்க வேண்டியதில்லை.

என் கணக்கு இது. தருமபுரி, பாலக்கோடு, காரிமங்கலம், அரூர், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை. ஆறு அணி. ஒவ்வொரு அணியோடும் இரண்டு முறை. பத்து சனிக்கிழமையில் 30 மேட்ச் முடிந்துவிடும். எந்த அணி தோற்றாலும் பத்து மேட்ச் நிச்சயம். பஸ் காசு, ரெஃப்ரிக்கு ஒரு தொகை, மதியத்துக்குத் தக்காளி சோறு. மைதானத்தில் தண்ணீர் வரும் கழிப்பறையும் உடை மாற்ற ஒரு அறையும் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் மாதத்தில் சில நாள் பிள்ளைகள் வரவே மாட்டார்கள். ஆட்டம் மூன்று மணிக்குள் முடிய வேண்டும், உள்கிராமத்துப் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர.

இந்த ஆறு ஊரில் இருக்கிற உடற்கல்வி ஆசிரியர்களே, பழைய ஆட்டக்காரர்களே, சனிக்கிழமை மைதானத்தைத் திறந்துவிடக்கூடிய தலைமை ஆசிரியர்களே, கீழே உங்கள் ஊர்ப் பெயரைப் போடுங்கள். முதல் வாரத்து விசில் நான் ஊதுகிறேன்.