கோன் ஃபில்டர் மாட்டினால் கூடுவது சத்தம்தான்

“கோன் ஃபில்டர் மாட்டினால் 15 குதிரைத்திறன் கூடும், தொப்பூர் ஏற்றத்தில் வண்டி பறக்கும்” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கோன் ஃபில்டர் என்பது காரில் கம்பெனி ஏர் ஃபில்டருக்குப் பதிலாக மாட்டுகிற கூம்பு வடிவ காற்று வடிகட்டி. டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் இதை மட்டும் மாற்றி அவ்வளவெல்லாம் வராது.

கம்பெனி ஏர் பாக்ஸ் (ஃபில்டர் உட்காரும் மூடிய பெட்டி) பெரும்பாலும் முன் கிரில் பக்கமிருந்து வெளிக்காற்றை இழுக்கும். திறந்த கோனோ பானட்டுக்குள் இருக்கிற சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். காற்று 3 டிகிரி சூடேறினாலே அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறைந்துவிடும்; எஞ்சினின் சக்தியும் அதோடு குறையும். சேலத்திலிருந்து திரும்பும்போது அந்தத் தொப்பூர் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து பாருங்கள், தெரியும்.

நானும் ஆசைப்பட்டு மாட்டியவன்தான். கழுவி எண்ணெய் தடவுகிற காட்டன் வகை. எண்ணெய் கொஞ்சம் தாராளமாகிவிட்டது. அது காற்றளவு சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து, ஐடிலிங்கில் வண்டி நடுங்கியது. செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. சென்சார் கிளீனர் அடித்த பிறகுதான் சரியானது.

கிருஷ்ணகிரியில் கிரானைட் லாரிகளுக்குப் பின்னால் ஓடுகிற வண்டிக்குத் தூசியைப் பிடிப்பதுதான் முதல் வேலை. மாற்றியே தீர வேண்டுமென்றால் பழைய பாக்ஸிலேயே உட்காரும் தட்டையான பேனல் ஃபில்டர் போதும். கோன்தான் வேண்டுமா? சரி, வெப்பத்தை மறைக்கும் மூடிய பெட்டியோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.