தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் முன்

போன ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு வேப்பமரத்தடியில் கூட்டம். உட்கார்ந்ததுமே தீர்மான நோட்டு கைக்கு வந்துவிட்டது. மேலே தேதி, கீழே வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும். நடுவில் தீர்மானம் என்று ஒரு வரிகூட இல்லை.

பக்கத்தில் இருந்த பெரியம்மா நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "முதல்ல எழுதுங்க தம்பி, அப்புறம் போடுறேன்" என்றார் ஊராட்சிச் செயலரிடம். செலவுக் கணக்கு வாசிக்கையில் தண்ணீர் மோட்டார் மூன்று முறை பழுது பார்த்ததாக வந்தது. "ஒரு தடவைதானே கழட்டிட்டுப் போனீங்க?" பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் மூன்று பில்லையும் காட்ட வேண்டும் என்று எழுத வைத்த பிறகுதான் நோட்டைக் கொடுத்தார். நாங்கள் ஏழெட்டுப் பேரும் அப்புறம்தான் கையெழுத்துப் போட்டோம்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை யாருக்கு ஓட்டு என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை. முன்பு நான்காக இருந்தது; 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்தார்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அதில் உறுப்பினர். யாரும் அழைக்கத் தேவையில்லை.

தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு மேலூர்ப் பக்கத்தைத்தான் காட்டுவேன். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி வட்டாரத்து டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும், அங்குள்ள ஊராட்சிகள் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மக்கள் மதுரைக்குப் பேரணியாக நடந்தார்கள். அதே மாதம் 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நோட்டு மட்டுமே செய்த வேலை இல்லை, சரி. ஆனால் அந்தப் போராட்டத்தில் ஊரின் சொல் எழுத்தில் இருந்தது.

2025 ஜனவரி 5-ம் தேதி 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தெருவில் நிறுத்திக் கேட்கத் தலைவரே இல்லாத காலத்தில், கேட்பதற்கு இந்தக் கூட்டத்தை விட்டால் வேறு இடம் ஏது?

தீர்மானம் எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கும் போனேன். மூன்றில் ஒரு பில்தான் வந்திருந்தது, மற்றவற்றைத் தேடுகிறார்களாம். பெரியம்மா அதையும் நோட்டில் எழுத வைத்தார்.