ஸ்மால்மவுத்துக்கு இரண்டே வரியா?

அமெரிக்காவில் லா கிராஸ் நகரத்துப் பக்கம் மிசிசிப்பி ஆற்றில் ஒரு நாள் பாஸ் மீன் பிடித்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கதை அருமை. லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் இரண்டுமே பாஸ் வகைகள்தான். ஆனால் ஆற்றை ஒட்டிய தேங்கல்களில், அல்லி இலைமேல் தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை இழுத்து லார்ஜ்மவுத் பிடித்ததையே பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஸ்மால்மவுத்துக்கு இரண்டே வரி கொடுத்தது நியாயமா? இந்த ஆற்றில் ஸ்மால்மவுத் ஓடும் தண்ணீரை நாடும் மீன். நீரோட்டத்தை நடு ஆற்றுக்குத் திருப்ப 19ஆம் நூற்றாண்டில் கரையிலிருந்து குறுக்கே போட்ட கல் அணைகள், விங் டேம் என்பார்களே, அவை இன்னும் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. கோடையில் ஓட்டம் வந்து மோதும் மேல்பக்கத்தில் தூண்டிலைப் போட்டுப் பாருங்கள். (படகை மட்டும் அந்தக் கற்கள்மேல் ஏற்றிவிடாதீர்கள், ப்ரொபெல்லர் போய்விடும்!)

அப்புறம், இவ்வளவு தேங்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஆறு தானே உண்டாக்கியவையும் உண்டு. ஆனால் சரக்குப் படகுகளுக்கு 9 அடி ஆழம் வேண்டும் என்று 1930களில் கட்டிய அணைகள்தான் அவற்றை இப்படிப் பரப்பின. இப்போது வண்டல் படிந்து பல இடங்கள் மேடாகிவருகின்றன. குளிர்காலத்தில் ஓட்டமில்லாத ஆழமான இடம் கிடைக்காவிட்டால் லார்ஜ்மவுத் பாடு திண்டாட்டம். நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் தேங்கலுக்குள்ளேயே சுற்றாமல், தேங்கல் ஆற்றில் சேரும் வாய்க்கு வந்துவிடுங்கள். மீனும் அங்கே வரும்.