மெத்தையை விடுங்கள், காலைப் பாருங்கள்

சைக்கிளுக்குக் குழந்தை சீட் வாங்கும்போது பெல்ட்டும் மெத்தையும் நன்றாக இருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். கால் எங்கே போகும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. கேரியரில் ஒரு கம்பிக்கூடை சீட் மாட்டியிருந்தேன். தெருமுனையில் திரும்பும்போது தூக்கக் கலக்கத்தில் காலைத் தொங்கவிட்டாள். ஸ்போக்கில் குதிகால் மாட்டி, செருப்பு வார் அறுந்து, தோல் உரிந்துவிட்டது. ஒரு வாரம் இடுப்பில்தான் சவாரி.

அடுத்து வாங்கியதில் பாதத்துக்குத் தொட்டி மாதிரி குழியும் வாரும் இருந்தது, பக்கவாட்டில் சக்கரத்தை மறைக்கும் தடுப்பும் இருந்தது. நம் பழைய சைக்கிள்களில் ஓட்டுபவர் சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். பின்னால் உட்காரும் குழந்தையின் விரல் அதில் நசுங்கும். அதையும் மூடிவிடுங்கள்.

ஐரோப்பியத் தரப்படி பின்சீட்டுக்கு 22 கிலோ, முன்சீட்டுக்கு 15 கிலோதான் உச்சம். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் பொறித்திருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள். தானாக நிமிர்ந்து உட்காராத கைக்குழந்தைக்கு எந்த சீட்டும் வேண்டாம்.

இன்னொன்று: சைடு ஸ்டாண்டை நம்பிக் குழந்தையை உட்கார வைத்துவிட்டுப் பால் வாங்கப் போகாதீர்கள்.