பிரேசிங் வெறும் ஒட்டுவேலை அல்ல

"சைக்கிளின் ஸ்டீல் பிரேமைப் பித்தளையோ வெள்ளியோ வைத்துப் பற்றவைத்தால் நாளடைவில் மூட்டு பிரிந்துவிடும், டிக் வெல்டிங்தான் பலம்" என்று சிலர் சொல்வது தவறு. பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி மூட்டில் ஓடவிட்டு இணைப்பதுதான் பிரேசிங்; டிக் வெல்டிங் மின்பொறியால் குழாயையே உருக்கி இணைப்பது. 1935-இல் வந்த ரெனால்ட்ஸ் 531 என்ற ஸ்டீல் குழாயில் பல பத்தாண்டுகள் பந்தய சைக்கிள்கள் செய்தார்கள். அது பிரேசிங்குக்கான குழாய், வெல்டிங்குக்கு ஒத்துவராது.

56 சதவீத வெள்ளிக் கம்பி ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸில் உருகி ஓடிவிடும், பித்தளைக்கு ஏறத்தாழ 900 டிகிரி வேண்டும். இரண்டிலும் குழாய் உருகுவதில்லை. லக்குக்கும் (குழாய் முனைகள் செருகப்படும் இணைப்பு உறை) குழாய்க்கும் நடுவே 0.1 மி.மீ. அளவு இடைவெளி இருந்தால் அது உருகிய வெள்ளியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பலம் அந்த மெல்லிய படலத்திலும் அது பிடித்திருக்கும் பரப்பிலும்தான் இருக்கிறது. இடைவெளி 0.2 மி.மீ.-ஐத் தாண்டினால் வெள்ளியை நம்பாதீர்கள், பித்தளைக்கு மாறுங்கள்.

பிரிந்த மூட்டை அறுத்துப் பாருங்கள்: பெரும்பாலும் உள்ளே பாதி இடத்தில் வெள்ளியே போயிருக்காது. லக்கின் உட்புறத்தை எமரி தாளால் பளபளக்கத் தேய்க்காதது ஒரு காரணம். சுடரை ஒரே இடத்தில் நிறுத்தி ஃப்ளக்ஸை (சூட்டில் உலோகத்தின் மேல் ஆக்சைடு படியாமல் காக்கும் பசை) கருகவிட்டது இன்னொன்று. கருகிய இடத்தில் வெள்ளி பிடிக்கவே பிடிக்காது. ஆறவிட்டு, சுரண்டி, மறுபடி ஃப்ளக்ஸ் பூசத்தான் வேண்டும். ஃப்ளக்ஸ் தண்ணீர்போலத் தெளிந்த பிறகு கம்பியை ஒரு விளிம்பில் தொடுங்கள், சுடரை மறுவிளிம்புக்கு நகர்த்துங்கள். அங்கே சுற்றிலும் மெல்லிய வெள்ளிக்கோடு எட்டிப்பார்க்க வேண்டும்.

டிக் நல்ல முறைதான், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் நடுப்பகுதியில் சுவர் தடிமன் 0.5 மி.மீ. மட்டுமே இருக்கும் குழாயில் அதுவும் கைப்பழக்கத்தைப் பொறுத்ததே.