நிவாரண அரிசிக்கு ஓடிபி எதற்கு?

"மழை நிவாரண அரிசியும் பணமும் வேண்டுவோர் இந்த இணைப்பில் ஆதார் எண், ஓடிபி கொடுத்து, 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்யவும்" என்று காரைக்குடி, தேவகோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி பொய்.

எந்தெந்தப் பகுதிகளுக்கு நிவாரணம் என்பதை முதலில் அரசு அறிவிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையில் டோக்கன் கொடுத்து, 6000 ரூபாயை ரேஷன் கடையிலேயே ரொக்கமாக வழங்கினார்கள். குடும்ப அட்டை இல்லாதவர்களிடமும் அங்கேயே விண்ணப்பம் வாங்கினார்கள். இதில் ஓடிபிக்கு என்ன வேலை?

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அக்கறையாக இதை அனுப்ப, வீட்டில் தனியாயிருக்கும் ஆச்சிமார் நம்பிவிடுகிறார்கள், அதுதான் கவலை. சந்தேகமிருந்தால் கடைக்காரரையோ வட்ட வழங்கல் அலுவலகத்தையோ கேளுங்கள். 1967 என்ற ரேஷன் உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.