கூட யாரும் வரலையா?

வெள்ளிக்கிழமை போட்ட வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதனால் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. சிங்கப்பூருக்குத் தனியாகப் போய்விட்டுத் திரும்பியபோது சென்னை விமான நிலையத்தில் என் சக்கர நாற்காலி பெட்டிகளோடு பெட்டியாக பெல்ட்டில் கவிழ்ந்து வந்தது, இடது சக்கரம் வளைந்திருந்தது, பிரேக் கம்பி தொங்கியது எல்லாம் அதிலேயே இருக்கிறது. இன்று எழுத உட்கார்ந்தது நாற்காலியைப் பற்றி இல்லை. கமெண்ட்டுகளைப் பற்றி.

மொத்தம் 147. எண்ணினேன். நாற்காலி ரிப்பேரில் கிடக்கும்போது கட்டிலில் உட்கார்ந்து வேறென்ன செய்வது? அதில் 61 பேர் கேட்டது ஒரே கேள்வி: “கூட யாரும் வரலையா?” சக்கரம் எப்படி வளைந்தது என்று கேட்டவர்கள் 9 பேர். விமான நிறுவனம் என்ன பதில் சொன்னது என்று கேட்டவர்கள் 4 பேர். ஒரு அண்ணன் மட்டும் “இந்த நிலைமையில தனியா வெளிநாடு போறது தேவையாம்மா?” என்று போட்டார். அதற்கு 38 லைக். லைக் போட்டவர்களில் பாதிப் பேர் என் கல்யாண வயதுத் தோழிகள்.

சரி, கூட யாராவது வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் விமானத்தின் வயிற்றுக்குள் இறங்கி, நாலு மணி நேரமும் என் நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பாரா? அவரும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டிருப்பார். நாற்காலி அப்போதும் உடைந்துதான் வந்திருக்கும். என்ன, அழுவதற்கு இரண்டு பேர் இருந்திருப்போம்.

நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு அதையும் கேட்பீர்கள். 48 மணி நேரத்துக்கு முன்பே தகவல் கொடுத்தேன். விமானக்காரர்கள் பாஷையில் எனக்கு டபிள்யூ.சி.எச்.சி. என்று பெயர். படி ஏற முடியாது, விமானத்துக்குள்ளும் நடக்க முடியாது, சீட்டு வரைக்கும் அந்த ஒல்லி நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று அர்த்தம். என் சொந்த நாற்காலியை விமானத்தின் கதவு வரை ஓட்டிப் போய், இறங்கும்போது அதே கதவில் திருப்பித் தர வேண்டும் என்று டேக்கும் போட்டார்கள். சிங்கப்பூரில் இறங்கியபோது கதவிலேயே இருந்தது. திரும்பி வரும்போது பெல்ட்டில் வந்தது. அதே டேக், அதே நாற்காலி, அதே நான். இதில் துணை எங்கே வருகிறது, சொல்லுங்கள்.

ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை. தண்ணீர். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டை விட்டுக் கிளம்பி ஈ.சி.ஆர். வழியாக விமான நிலையம் போக மூன்றரை மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்னாலேயே இருக்க வேண்டும். விமானத்தில் நாலு மணி நேரம். இறங்கும்போது எல்லோரும் போன பிறகுதான் எனக்கு ஆள் வரும். ஈ.சி.ஆரில் வரிசையாக ஓட்டல்கள் உண்டு, பாத்ரூமும் உண்டு, அதற்கு முன்னால் ஒரு படியும் உண்டு. படி இல்லாத இடத்தில் கதவு என் நாற்காலியை விடக் குறுகல். விமானத்துப் பாத்ரூமைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் முந்தைய நாள் ராத்திரி எட்டு மணிக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவேன். காலையில் மாத்திரை விழுங்க அரை வாய். சிங்கப்பூரில் இறங்கி, உள்ளே நாற்காலி திரும்புகிற அளவு இடமும் கைப்பிடியும் இருக்கிற பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு முதலில் குடித்தேன் பாருங்கள் ஒரு பாட்டில் தண்ணீர், அதுதான் என் டூரின் முதல் சுற்றுலாத்தலம். இதற்கும் துணைதான் மருந்தா? துணைக்கு வந்தவர் எனக்குப் பதிலாக ஒன்றுக்குப் போவாரா?

கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். ஆனால் அழிக்க மாட்டேன்.

அந்த ஆறு நாள் சிங்கப்பூரில் “கூட யார்?” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க அவசியம் வரவில்லை. பேருந்து நின்றது, ஓட்டுநர் இறங்கி வந்து நடுக்கதவில் மடித்து வைத்திருந்த பலகையைத் திறந்து போட்டார், நான் ஏறினேன், எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார், அவ்வளவுதான். பாராட்டவில்லை, பரிதாபப்படவில்லை, என் போட்டோ எடுக்கவில்லை. 2020 கடைசியிலிருந்து அங்கே எல்லாப் பொதுப் பேருந்தும் இப்படித்தான். தேக்கா மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய் மீன் குழம்புச் சோறு சாப்பிட்டேன். அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. சிராங்கூன் சாலைக் கடைகளின் முன்னால் இருக்கிற அந்தப் பழைய நடைபாதை ஒரு கடைக்கு உயரம், அடுத்த கடைக்குப் பள்ளம். பல இடத்தில் ரோட்டுக்கு இறங்கித்தான் போனேன்.

“அது பணக்கார நாடு, நம்ம ஊரோட ஒப்பிடலாமா?” என்று வருவீர்கள். அங்கே மெட்ரோ ரயில் 1987ல் ஓடத் தொடங்கியபோது நாற்காலிக்காரர்களுக்கு லிஃப்ட் கிடையாது. செலவு அதிகம் என்றுதான் அப்போது சொன்னார்கள். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களை உடைத்துத் திரும்ப லிஃப்ட் வைத்தார்கள். முதலிலேயே வைத்திருந்தால் இப்படி உடைத்துக் கட்ட வேண்டியிருக்காது. பணம் இருந்தால் போதுமென்றால் பாரீஸ் என்ன ஏழை ஊரா? 2019ல் எங்கள் சொல்தா மாமா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த மாமா, வீட்டுக்குப் போனேன். 1900ல் தொடங்கிய மெட்ரோ, ஊர் முழுக்க ஓடுகிறது, முழுசாக நாற்காலியில் போகக்கூடிய லைன் அப்போது 14 ஆம் எண் மட்டும்தான். மற்றதெல்லாம் படி, படி, படி. இரண்டு வாரமும் பஸ்ஸிலேயே சுற்றினேன். நம்ம புதுச்சேரிக்குப் படி கட்டச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரென்று அன்றைக்குத் தெரிந்தது.

“உன் நல்லதுக்குத்தானே சொல்றோம்” என்பது அடுத்தது. இதைக் கேட்டால்தான் எனக்கு உண்மையில் வலிக்கிறது, ஏனென்றால் சொல்பவர்கள் நல்லவர்கள். “கூட யார்?” என்ற கேள்வி என் காதில் முதலில் விழுந்தது எட்டாம் வகுப்பில், கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய ஊர்ப் பகுதியில், இருந்தபோது. பள்ளிக்கூடத்தில் பிச்சாவரம் டூர். காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிப்பர் மாட்டி நடந்துகொண்டிருந்த காலம். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, மெதுவாக, அன்பாகத்தான் கேட்டார்: “கூட யார் வருவாங்க?” அம்மா நான் வரேன் என்றார். பஸ்ஸில் இடமில்லை என்றார்கள். நாற்பது பேர் போனார்கள். எனக்குத் தோழி ஒருத்தி படகு போட்ட சாவிக்கொத்து வாங்கி வந்தாள். என்னிடம் சாவியே கிடையாது அப்போது. பிச்சாவரம் கடலூரிலிருந்து ஒன்றரை மணி நேரம். நான் பாரீஸ் பார்த்துவிட்டேன், சிங்கப்பூர் பார்த்துவிட்டேன், பிச்சாவரம் இன்னும் பார்க்கவில்லை.

அன்பாகத்தான் ஜீஜா கோஷையும் இறக்கிவிட்டிருப்பார்கள். 2012ல் கொல்கத்தாவில், மூளை முடக்குவாதம் உள்ள அவர் ஒரு மாநாட்டுக்குப் போகத் தனியாக விமானம் ஏறி உட்கார்ந்த பிறகு, இறங்கச் சொன்னார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் தரச் சொன்னது. நாலு வருஷம் வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

“நடக்க முடிஞ்சவங்களே ஏர்போர்ட்ல வீல்சேர் கேக்கறாங்க, ஸ்டாஃப் என்ன செய்வாங்க?” உண்மை. எங்கள் சித்தியே செய்வார். க்யூவில் நிற்கச் சோம்பல். சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன். அதற்காக என் நாற்காலியை ஏன் வளைத்தீர்கள்?

மூட்டை தூக்கும் பையன் பாவம் என்று ஒருவர். ஆமாம், பாவம்தான்.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. 2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2017ல் விதிகள். பொதுக் கட்டடங்களை ஐந்து வருஷத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டால் 2022லேயே முடிந்திருக்க வேண்டும். தரம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதி வெறும் சிபாரிசு மாதிரி இருக்கிறது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் ஆயிற்று. நீங்கள் ஒருநாள் என்னோடு கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், காந்தி சிலை வரைக்கும் ராணி மாதிரி போவேன். அங்கிருந்து உள்ளே திரும்பி ஒரு காபி குடிக்கலாம் என்று ஒரு கடை காட்டுங்கள் பார்ப்போம். மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண், காகிதப்பூ, அப்புறம் இரண்டு படி. “ரெண்டு படிதான்க்கா, தூக்கிடலாம்” என்று பையன்கள் ஓடி வருவார்கள். நான் அரிசி மூட்டை இல்லை. தூக்குகிற நாலு பேருக்கும் என் உடம்பு எங்கே தொடலாம் எங்கே கூடாது என்று தெரியுமா? இதை ஆம்பிளைகள் யாரும் கமெண்ட்டில் கேட்கவில்லை. துணை, துணை என்று மட்டும் கேட்டார்கள்.

நாற்காலி முத்தியால்பேட்டை சைக்கிள் கடையில் இருக்கிறது. ரிம்மை நிமிர்த்திவிடலாம், பிரேக்குக்கு மட்டும் ஸ்பேர் வரவழைக்கணும் என்றார் பாய். என் அளவெடுத்துச் செய்த நாற்காலி, 1,10,000 ரூபாய், இரண்டு வருஷச் சீட்டுப் பணம். சர்வதேச ஒப்பந்தப்படி அதுவும் சூட்கேஸ் கணக்கில்தான் வரும், இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 7 நாளைக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நேற்று ராத்திரி ஃபாரத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். நடுவில் ஒரு கட்டம் இருந்தது, “உடன் பயணித்தவர் பெயர்”. கோடு போட்டேன்.